டவர் கருப்பு சொன்ன வாக்கு

முத்திருளனுக்குக் கடவுள் கிடையாது. ஆனால் பிழைப்பு முழுக்கக் கடவுள் தயவில்தான். திருமங்கலத்தில் மைக்செட் கடை வைத்திருக்கிறான். ஆடித் திருவிழா, கும்பாபிஷேகம், தர்கா கந்தூரி, எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவன்தான். "இல்லாத ஆளுக்கு இம்புட்டுச் சத்தம் எதுக்குண்ணே?" என்று ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொண்டே கேட்பான். கமிட்டிக்காரர்கள் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டச் சொல்வார்கள்.

பகுத்தறிவுக் கூட்டங்களுக்கு மட்டும் அவன் வாடகை வாங்குவதில்லை. பதிலுக்கு மேடையில் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக்கொள்வான். அந்த நேரத்தில் இறங்குவதுதான் 'டவர் கருப்பு', அவனுடைய சொந்தத் தயாரிப்பு. செல்போன் கோபுரத்தின் உச்சியில் குடியிருக்கும் சாமி. ரீசார்ஜ் செய்தவர்களுக்கு மட்டும் வாக்குச் சொல்லும். சிக்னல் எடுக்காத ஊரில் அருளும் எடுக்காது.

கேலி சும்மா வந்துவிடவில்லை. அவன் அப்பா காளை, டி. கல்லுப்பட்டிப் பக்கம் பெயர்போன சாமியாடி. கருப்பசாமி இறங்கும்போது கீழுதட்டைக் கடித்து, வலது தோளை ஒரு குலுக்குக் குலுக்கி, மூக்கால் சிரிப்பார். செத்துப்போன அப்பாவின் அந்தச் சிரிப்பை மகன் கண்ணாடி முன் நின்று பழகி, இடுப்பில் சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டு மேடையேற்றினான்.

பசுமலைக் கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து, ஏற்கெனவே பேசிவைத்தபடி, "சாமி, எனக்குச் சுகரு. என்ன செய்ய?" என்று கேட்டார்.

"மாத்திரைய எல்லாம் கெணத்துல கொட்டுடா. கெணத்துக்குச் சுகர் கொறையட்டும். நீ அதிரசம் தின்னு. இனிப்பு இனிப்புக்குத்தான் பயப்படும்" என்றது டவர் கருப்பு.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ படம் பிடித்தார்கள். வேறு யாரோ சிரிப்பை வெட்டிவிட்டு வாக்கை மட்டும் அனுப்பினார்கள். அது எத்தனையோ போன்களில் புகுந்து, கடைசியில் பங்காளிகளின் குலதெய்வ வாட்ஸ்அப் குரூப்பில் வந்து உட்கார்ந்தது. அந்தக் குரூப்பில் அவனுடைய அக்கா முனியாயியும் இருந்தாள்.

சில வாரம் கழித்து அக்கா மகள் தாமரைச்செல்வி போன் செய்தாள்.

"மாமா, அம்மா மயங்கி விழுந்துருச்சு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். சுகர் நானூறத் தாண்டிருச்சாம்."

"மாத்திர போடலையா?"

"கெணத்துல கொட்டிருச்சு."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? யார் பேச்சக் கேட்டு?"

"உங்க பேச்சத்தான் மாமா" என்றாள்.

கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை. கடையைப் பூட்டினோமா என்ற நினைவே பஸ் ஏறிய பிறகுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் முனியாயி கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. தம்பியைப் பார்த்ததும் அந்தக் கையையும் தூக்கி, இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டாள். தன்னைத் தூக்கி வளர்த்தவள், தன் தலையில் ஆயிரம் குட்டு வைத்தவள், தன்னைக் கும்பிடுகிறாள்.

"அக்கா, அது கேலிக்கா. மேடையில சும்மா கேலி பண்ணுனேன்."

"நீ கேலி பண்ணத்தான் போன. வந்தது யாரு?"

"யாரும் வரல."

"எங்கப்பன் தோளு எனக்குத் தெரியாதாடா?"

"கண்ணாடியப் பாத்துப் பழகுனதுக்கா அது."

"கும்புடுறவன் மேல எறங்குனா அவன் சொந்தச் சரக்கையும் சேத்துக் கலந்துருவான். நம்பாத பய வாயில வந்தாத்தான் வாக்கு சுத்தமா வரும். கருப்பனுக்கு அம்புட்டு வெவரம் உண்டு."

டாக்டர் அவனை வெளியே கூப்பிட்டு, வீட்டுக்குப் போயும் இப்படியே இருந்தால் கிட்னி போய்விடும் என்றார். "வீட்ல யார் சொன்னாக் கேப்பாங்க?" என்றும் கேட்டார். 'கருப்பசாமி' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தும் முனியாயி மாத்திரையைத் தொடவில்லை. தாமரைச்செல்வி மாமனைத் தனியே இழுத்துப்போனாள்.

"ஒரேயொரு தடவ ஆடிருங்க மாமா. சாமியே வந்து மாத்திரையப் போடச் சொல்லட்டும்."

"நர்சிங் படிச்ச பிள்ள பேசுற பேச்சா இது?"

"படிச்சதாலதான் சொல்றேன். எனக்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியும்."

விவரம் தெரிந்த பிறகு முதல்முறையாக முத்திருளன் நெற்றி நிறையத் திருநீறு பூசினான். சார்ஜர் வயர் இல்லை. டவர் இல்லை. உதட்டைக் கடித்தான், தோளைக் குலுக்கினான், மூக்கால் சிரித்தான். வீட்டில் ஒருவரும் சிரிக்காதது அவனுக்கே பயமாக இருந்தது.

"ஆத்தா, மாத்திரையப் போடு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்ட பெறகு."

முனியாயி கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போதும், நிப்பாட்டு" என்றாள்.

நிறுத்தினான்.

"அன்னைக்கு வந்தது சாமி. இன்னைக்கு நீயா ஆடுற."

"எப்பிடிக்கா சொல்ற?"

"சாமிக்கு என்னடா பயம்? உன் மூஞ்சி பூராம் பயம். அதுபோக, கருப்பன் எங்கயாவது சாப்பாட்டுக்கு முன்ன, பின்னன்னு பேசுவானா?"

முத்திருளன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கேலி செய்தால் கும்பிடுகிறார்கள், மனதார ஆடினால் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வேர்வையில் திருநீறு கரைந்து கண்ணுக்குள் இறங்கி எரிந்தது.

"செத்துருவக்கா" என்றான். அதைச் சொன்ன குரல் அப்பாவுடையது இல்லை.

முனியாயி அவனையே பார்த்தாள்.

"சாமியே இல்லைங்கிறவன், எனக்காகத் துன்னூறு பூசிப் பொய்யா ஆடுற அளவுக்கு வந்துட்டியாடா?"

"வந்துட்டேன்."

"தாமர, தண்ணி கொண்டா." மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஆனால் வாயில் போடவில்லை. "வாக்க மீறுனா குத்தம். அது சொன்ன வாய்க்குத்தான் சேரும். வார வெள்ளிக்கெழம நீ கோயில்ல பொங்க வைக்கணும்."

"நானா? நீ வையேன்க்கா."

"அப்ப மாத்திரையவும் நீயே போட்டுக்க."

அவன் அந்த உள்ளங்கையைப் பார்த்தான். "சரி" என்றான். மாத்திரை உள்ளே போனது.

வெள்ளிக்கிழமை கருப்பசாமி கோயில் வாசலில் மூன்று கல் கூட்டி, ஈர விறகை ஊதி ஊதி இருமிக்கொண்டிருந்தான் முத்திருளன். பங்காளிகள் போனும் கையுமாகச் சுற்றி நின்றார்கள்.

"என்னண்ணே, திருந்தியாச்சா?" என்றான் ஒருவன்.

"மருந்துச் செலவு தம்பி."

பூசாரி பானைக்குள் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஏப்பா, வெல்லம் எங்க?"

"வெல்லம் கெடையாது. உப்புதான்."

"கருப்பனுக்கு என்ன சுகரா?"

"திங்கப்போறது அவரு இல்லையே" என்று சொல்லிவிட்டு முத்திருளன் அடுப்பை ஊதினான். முனியாயி இலையோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் அள்ளிப் போட்டு மென்றாள்.

"உப்பு பத்தலடா" என்றாள்.