விளக்கெரியும் வீடுகளைச் சுற்றி நடப்பவர்கள்

செத்தவர்கள் ஏன் எழுந்து நடக்கிறார்கள் என்று எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரு வருஷம் சண்டை நடந்தது. நிஜச் சாவைப் பற்றி இல்லை. கணினியில் ஆடும் ஒரு மாயாஜால விளையாட்டைப் பற்றி. அதில் பாழடைந்த கோட்டை நகரம் ஒன்று வரும். தெருவெல்லாம் நடைப்பிணங்கள். வெட்டினால் விழும், நாம் நாலடி போவதற்குள் திரும்ப எழுந்துகொள்ளும். அவை எப்படி அப்படி ஆயின என்று விளையாட்டை உருவாக்கியவர்கள் கடைசிவரை சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டால் ஆடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? இணையத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் எழுதினார்கள். கொள்ளைநோய் என்றான் ஒருவன். ராஜா வாங்கிய சாபம் என்றான் இன்னொருவன். ஆற்றுத் தண்ணீரில்தான் கோளாறு என்று ஒரு புண்ணியவான் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், காரைக்குடியில் எங்கள் வீட்டு மாடியறையில், கறிச்சோறு தின்ற கை காய்வதற்குள் நானும் அண்ணனும் உட்கார்ந்துவிடுவோம். நான் கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுக்கிறவள். அவன் மோட்டார் பம்பு கடை வைத்திருந்தவன், கல்யாணமாகி மூன்று வருஷமானவன். வயசுக்கேற்ற புத்தி இரண்டு பேருக்கும் கிடையாது.

என் கட்சி இது; நானும் அதை இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அந்த நகரத்துக் கல்லறைகளில் பாதிக்கு மேல் காலி. ஆகவே ஊரைவிட்டுப் போனவர்களுக்கு, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே வீட்டார் அவசரப்பட்டுச் சாவுக் காரியத்தை முடித்துவிட்டார்கள். அந்தப் பாவம்தான் எழுந்து நடக்கிறது. அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"நல்லாப் பாரு. வெளக்கு எரியுற வீட்டச் சுத்தித்தான் இதுக நடக்குதுக. வெளக்கு இல்லாத வீட்டு வாசல்ல வெறும் எலும்புதான் கெடக்கு. உள்ள யாரோ இன்னும் காத்துக்கிட்டு இருக்காக. விட்டாத்தான போறதுக்கு?"

"போண்ணே, அது படம் வரைஞ்சவன் பண்ணுன கோளாறு. அதுக்கு ஒரு கதையா?"

விடுவானா? ஒரு நோட்டு வாங்கி அந்த நகரத்தின் தெருவை எல்லாம் வரைந்தான். விளக்கெரியும் வீட்டுக்கு மஞ்சள், எரியாத வீட்டுக்குக் கறுப்பு. கடையில் வியாபாரம் இல்லாத நேரமெல்லாம் இதுதான் வேலை. "ஊர்ல எல்லாரும் வீடு கட்ட பிளான் போடுறாக, உங்கண்ணன் பேய்க்குப் போடுறாரு" என்று மதினி சிரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிய அண்ணன், போகவில்லை. வண்டி ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் நின்றது. போன் அணைந்திருந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஒரு வரி எழுதிவைக்கவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். கோவிலூர் மடத்துப் பக்கம் காவி கட்டி உட்கார்ந்திருந்தவர்களின் தாடிக்குள் அவன் முகத்தைத் தேடினேன். "என்னம்மா வேணும்?" என்று ஒரு பெரியவர் கேட்டபோது, நடுத்தெரு என்றும் பாராமல் ஓவென்று அழுதேன். அந்த விளையாட்டில் நண்பர்கள் பட்டியல் உண்டு. யார் எப்போது கடைசியாக வந்தார்கள் என்று காட்டும். தினமும் திறந்து பார்ப்பேன். அவன் பெயருக்கு நேரே முந்நூறு நாள் ஆனது, எழுநூறு ஆனது, ஆயிரத்தைத் தாண்டியது.

நாலாம் வருஷம் சித்தப்பா வந்து, மதினியைக் காட்டி அம்மாவிடம் பேச்செடுத்தார்.

"எத்தன நாளைக்கு இப்படி இருப்பீக? அந்தப் பிள்ளைக்கும் ஒரு வழி வேணும்ல? கருப்பர்ட்ட பூப்போட்டுக் கேட்டுருவோம். செவப்பு வந்தா காத்திருப்போம். வெள்ள வந்தா காரியத்த முடிச்சுருவோம்."

எங்களில் ஒரு முடிவுக்கு வரமுடியாவிட்டால் குலசாமியிடம்தான் போவோம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, சாமி காலடியில் போடுவார்கள். யாருக்கு வேண்டுமோ அவர்கள் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது சாமி வாக்கு. எடுக்காததை யாரும் பிரிக்கக்கூடாது, குளத்தில் போட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்ணின் வேலை. அதாவது என் வேலை.

உயிரோடு இருக்கிறவனுக்குக் காரியம் செய்தால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். விளையாட்டுக்கு எழுதியதுதான்; ஆனால் அன்று எனக்கு அது விளையாட்டாக இல்லை. பறித்த வெள்ளை நந்தியாவட்டையைக் கொல்லையில் வீசினேன். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன்.

சிங்கம்புணரிப் பக்கம் இருக்கிறது எங்கள் கோவில். மதினிதான் எடுத்தார். பிரித்தார். சிவப்பு. அம்மா மண்ணில் விழுந்து கும்பிட்டு, "எம்பிள்ள இருக்கான், எம்பிள்ள இருக்கான்" என்று கத்தினாள். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அண்ணனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மதினி அடுத்த பொட்டலத்தைக் குளத்தில் போடப் போனார், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போவார், வருவார், வைத்ததைச் சாப்பிடுவார். விசேஷ வீடுகளில் அவரை முன்னால் நிற்கச் சொல்லவும் ஆளில்லை, பின்னால் போகச் சொல்லவும் ஆளில்லை. ஒரு நாள் சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"ரெண்டுலயும் செவப்புத்தான இருந்துச்சு?"

கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

"பிரிக்கக்கூடாதுன்னு தெரியும். பிரிச்சேன். எனக்கு வெள்ள வரணும்னு வேண்டிக்கிட்டுத்தான் எடுத்தேன் ஆத்தா."

"என்ன மதினி இப்படிச் சொல்றீக?"

"பின்ன எப்படிச் சொல்ல? அஞ்சு வருசமா நான் ஒரு தடவகூட வாய்விட்டு அழல. அழுதா அபசகுனம்ங்குறாக உங்கம்மா. சிரிச்சா ஊரு பேசுது. நான் உசுரோடவா இருக்கேன்? உங்கண்ணன் இருக்காரோ இல்லையோ, எனக்கு அழுகணும். இன்னொரு வாட்டி கேக்கலாம்னு உங்கம்மாட்ட நான் சொல்றேன். நீ இந்த வாட்டி ரெண்டுலயும் வெள்ளைய வச்சுக் கட்டு."

அன்று அண்ணனின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் வீடு, கறுப்பு வீடு, அம்புக்குறிகள். கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்தில் ஒரே ஒரு கேள்வி. 'சரி, விளக்கெரியும் வீட்டுக்குள்ளே இருக்கிறவர்கள் ஏன் வெளியே வருவதே இல்லை?' அதைக் காட்டித்தான் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பதில் கேட்டான். நான் கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். பாவி நான்.

மதினி பேசியதற்கு அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "இந்த வாட்டி நான் எடுக்குறேன்."

கோவிலுக்குப் போகிற அன்று விடிந்ததும் கொல்லைக்குப் போய் நந்தியாவட்டை பறித்தேன். செவ்வரளிச் செடி பக்கத்திலேயே பூத்து நின்றது. அந்தப் பக்கம் திரும்பவில்லை. முதல் பொட்டலம் கட்டினேன். இரண்டாவதைக் கட்டும்போது நார் இரண்டு தடவை அறுந்தது. "அண்ணே, மன்னிச்சுரு" என்று வாய்விட்டுச் சொல்லி முடிச்சுப் போட்டேன்.

கருப்பர் முன்னால் அம்மாவின் கை இடது பக்கம் போனது, பிறகு வலது பக்கம் வந்தது. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்பது எனக்கும் மதினிக்கும் மட்டும் தெரியும். அம்மா வலதை எடுத்தாள். பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த என் முகத்தைப் பார்த்து, பூசாரிக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"போன தடவ நந்தியாவட்ட கொல்லையில கெடந்ததப் பாத்தேன். இந்த வாட்டியும் ரெண்டும் செவப்புத்தான ஆத்தா?"

மதினி தலையைக் குனிந்துகொண்டார்.

"பிரிம்மா" என்றேன்.