நாற்காலியைத் தூக்கிய கூட்டம்

மைக்செட் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு நாடகத்தை நானே நிறுத்திய கதையைத்தான். போன பங்குனியில், பரமத்தி வேலூர் பக்கத்து ஊர்த் திருவிழாவில் நடந்தது.

நாடகத்தின் பெயர் ‘வெற்றிலைக்கொடியாள்’. கதை முழுக்கப் பாட்டாகவே போகும். ஒரு காலத்தில் எங்கள் வட்டாரத்தில் அமர்க்களப்பட்டு, பிறகு ஆட ஆளில்லாமல் நின்றுபோனது. அதைத் தூசி தட்டி எடுத்தவர் சுகந்தி டீச்சர். விசைத்தறிக்கும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் வேலைக்குப் போகிறவர்களைப் பிடித்து, ஞாயிறுதோறும் ஒத்திகை பார்த்துக் குழு சேர்த்திருந்தார். கதாநாயகியும் அவரே.

1. தேறுமா?

வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது விழாக் கமிட்டித் தலைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க, இது தேறுமாங்க? பாதிப் பேரு ஆர்க்கெஸ்ட்ராதான் வேணும்னாங்க. சனம் எந்திரிச்சுப் போச்சுன்னா அடுத்த வருசம் இவங்களுக்கு மேடை இல்லீங்க. டீச்சர்கிட்டயும் சொல்லிப்போட்டேன்.”

“ரெண்டு பாட்டுத் தாங்குமுங்க” என்றேன். முப்பது வருட சர்வீஸ் பேச வைத்தது.

“அப்ப சினிமாப் பாட்டு ரெடியா வெச்சுக்கங்க. சனம் கெளம்புனா போட்டு உடுங்க.”

பென் டிரைவைச் சொருகினேன். போன வாரம் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மிக்ஸரில் வைத்த செட்டிங்கையும் மாற்றவில்லை. தொம்மென்று அதிரும் பேஸ் சத்தம் தூக்கலாகவே இருந்தது. ஓடாத நாடகத்துக்கு இது போதும் என்று நினைத்தேன்.

2. ஏழாவது பாட்டு

ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஏழாவது பாட்டில் கதாநாயகி, சொன்ன சொல் மாறிய மாமனைத் திட்டித் தீர்க்கும் கட்டம். பின்வரிசையில் சலசலப்பு. நிமிர்ந்தால், பிளாஸ்டிக் நாற்காலிகள் தலைக்கு மேலே எழும்புகின்றன. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கூட்டம் கலைந்தது, பந்தல்காரர் நாற்காலி அடுக்க வந்துவிட்டார். சுகந்தி டீச்சரின் மைக் சத்தத்தை இறக்கினேன், சினிமாப் பாட்டை ஏற்றினேன்.

‘ஓ’வென்று ஒரே கூச்சல். தலையில் நாற்காலியோடு ஓர் அம்மா நேராக என்னிடம் வந்தார்.

“பாட்ட நிறுத்துனது நீங்கதானுங்களா? பின்னால தொம்மு தொம்முன்னு சத்தந்தான் வருது. அந்தப் புள்ள மாமன என்ன சொல்லித் திட்டுதுன்னே வெளங்கல. காது குடுத்துக் கேக்கலாம்னுதானே நாற்காலியத் தூக்கிட்டு முன்னால வாரோம்!”

சட்டென்று சினிமாப் பாட்டை நிறுத்தினேன். எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. தலைவர் மெதுவாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுகந்தி டீச்சர் மேடையை விட்டு அசையவில்லை. மைக் இல்லாமலே கத்தினார்: “அண்ணா, சத்தத்தக் குடுங்க! மாமன இன்னும் பாதிகூடத் திட்டல!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பேஸைக் குறைத்து, குரலை ஏற்றினேன். பாட்டு முதலிலிருந்து தொடங்கியதும், கடைசி வரிசை வரை நடந்துபோய்க் கேட்டேன். ஒவ்வொரு வசவுக்கும் பெண்கள் கைதட்டினார்கள். முடிந்ததும் முதல் ‘ஒன்ஸ்மோர்’ தலைவருடையது. கடைசிப் பாட்டு வரைக்கும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

3. பிறகு

தம்பிகளே, ஒரு நாடகம் தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. அது கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று நடந்துபோய்ப் பார்ப்பதுதான் நம் வேலை. அன்றைக்கு நாடகம் தோற்றிருந்தால், தோற்கடித்தவன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

அடுத்த வருடத்துக்கும் இதே நாடகம்தான் என்று தலைவர் மேடையிலேயே அறிவித்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று டீச்சரிடம் போனேன். அவர் வாய் திறக்க விடவில்லை.

“அடுத்த வருசமும் நீங்களே வாங்கண்ணா. ஆனா ஒண்ணு, நான் பாடி முடிக்கற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோணும்.”

பள்ளிக்கூடத்தில்கூட எந்த வாத்தியாருக்கும் அடங்காத நான், “சரிங்க டீச்சர்” என்றேன்.