படுக்க மறுத்தவர்

மலாக்காவில் ஒரு மருத்துவமனையில் நான் பிரசவத் தாதியாக இருந்தபோது அவரைச் சந்தித்தேன். டுரியான் துங்கால் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பெண், பிரசவத்துக்கு வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, உச்சியில் இறுக்கிப் போட்ட கொண்டை. வலி வந்தால் கத்தமாட்டார், என்னை முறைப்பார்.

குழந்தையின் தலை கீழேதான் இருந்தது. ஆனால் முதுகுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டிய முகம் தாயின் வயிற்றுப் பக்கம் பார்த்திருந்ததால், பின்மண்டை அவர் முதுகெலும்பில் இடித்தது.

"மல்லாந்து படுங்கக்கா," என்றேன்.

"நீ படுத்துப் பாரு மிஸ்ஸி. இடுப்பு ஒடியுது லா. நான் படுக்கமாட்டேன்."

கட்டிலிலேயே முட்டி போட்டு, கைகளை ஊன்றிக்கொண்டார். டாக்டர் வந்து குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. குழந்தை திரும்புதான்னு ஒரு மணி நேரம் பார்ப்போம். இல்லைன்னா ஆபரேஷன்தான்."

"ஒரு மணி நேரம் போதும்," என்றார் அவர், தலை நிமிராமலே.

அவர் இடுப்பை அசைத்துக்கொண்டே இருந்தார். நான் அடிமுதுகை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். அந்த ஒரு மணி நேரம் முடிவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது, கடைசிவரை முகத்தைத் திருப்பாமலே.

"திரும்பவே இல்லையேக்கா!" என்றேன்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "யாரு சொல்லியும் கேக்காது. என் பிள்ளை லா."

இப்போதெல்லாம் நான் யாரையும் படுக்கச் சொல்வதில்லை. எப்படி இருந்தால் வசதி என்று கேட்கிறேன்.