ரூட் காஸ் கவிதா

ஜூன் மழை ஆரம்பித்த வாரம் அது. வெளிமாநில ஐ.டி. பேட்டையான கராடியில் எங்கள் அபார்ட்மென்ட் தமிழர்கள் பெரும்பாலும் சாஃப்ட்வேர்காரர்கள். ஒரு குழந்தைக்குக் கழுத்து வலி என்றதும் ஒரே நாளில் அத்தனை பேரும் டாக்டர் ஆகிவிட்டோம்!

எதிர் ஃப்ளாட் கவிதாவின் மகள் இனியா. ஆறு வயது. கழுத்து வலி, கூடவே வலது கையில் பென்சில் நிற்கவில்லை. கவிதா எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் நல்ல டாக்டர் யார் என்றுதான் கேட்டாள். வந்த பதில்கள்? ஸ்கூல் பேக் கனம்... தலையணை உயரம்... திருஷ்டி...

நான் சும்மா இருப்பேனா? 'எந்நேரமும் குனிஞ்சு மொபைலையே பார்த்தா வேற என்ன ஆகும்?' என்று எழுதினேன். பதினான்கு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்திரிகையில் எழுதுகிற என்னை மாதிரி ஆசாமி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய கவிதா, மொபைலைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் காத்திருந்தாள். மூன்று வாரம். இனியா ஸ்பூனையும் கீழே போட ஆரம்பித்தாள்.

அப்புறம்தான் எம்.ஆர்.ஐ. கழுத்தெலும்புக்குள்ளே, தண்டுவடத்தை முன்பக்கமாக நெருக்கிக்கொண்டு ஒரு நீர்க்கட்டி. பிறவியிலேயே வருவது, ரொம்ப அபூர்வம். ஆபரேஷன் செய்யாவிட்டால் கை போய்விடும் என்றார் டாக்டர்.

குரூப் அடங்கியதா? ஆபீஸில் எது உடைந்தாலும் 'ரூட் காஸ்', அதாவது மூல காரணம், கண்டுபிடிக்கிற கூட்டமாயிற்றே! கர்ப்பமா இருந்தப்போ கிரகணத்துல வெளியே போனீங்களா? நைட் ஷிஃப்ட் பார்த்தீங்களா? பப்பாளி? எல்லாக் கேள்வியும் கவிதாவுக்குத்தான். இனியாவின் அப்பாவும் அதே குரூப்பில்தான் இருக்கிறார் — அவரிடம் ஒரு கேள்வி? ம்ஹூம்!

லிஃப்ட் அருகே கவிதாவைப் பார்த்தேன். "டாக்டர்கிட்டயே கேட்டுட்டேனுங்க. கரு உண்டாகி மூணாவது வாரத்துலயே இந்தக் கட்டி வந்துருமாமுங்க. நான் மாசமா இருக்கறதே அப்ப எனக்குத் தெரியாதுங்க சார்! என்ன தப்புப் பண்ணேன்னு ஒரு வாரமாத் தூங்கலைங்க."

வெட்கமாக இருந்தது. "அந்த மொபைல் விஷயம்... மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. "மூணு வாரம் போயிருச்சுங்க சார்" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கை தேற நாளாகும் என்றார்கள். போன ஞாயிறு பார்க்கப் போனேன். சோபாவில் உட்கார்ந்து, 'இனியா நலம்' என்று குரூப்புக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கழுத்துப் பட்டையோடு இனியா எதிரில் வந்து நின்றாள். வலது கையை மெதுவாக, மெதுவாகத் தூக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அங்கிள்! மொபைல் பாத்து நெக் டவுன் பண்ணாதீங்க. டாக்டர் கட் பண்ணுவாங்க!"

திட்டு வாங்கி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.