மீரா உசேன் வாசித்த விளம்பரம்

"அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. ஹலீமா லாத்தா வீட்டுக் கறுப்பு ஆடு, வலது காது வெள்ளை, காலையிலேர்ந்து காணோம். பாத்தவங்க வந்து சொல்லவும்."

எங்கள் தெருவில் ஹலீமா லாத்தா இருக்கிறார். ஆடு கிடையாது. வாப்பா மைக்கைச் சோதிக்கும் விதம் அது. 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்றால் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள், ஆடு என்றால் தெருவே நிமிரும் என்பார். ஒரு தடவை யாரோ ஒருவர், சொன்ன அடையாளத்தோடு ஓர் ஆட்டைக் கயிறு கட்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அதன் சொந்தக்காரரைத் தேடி வாப்பா இரண்டு நாள் அறிவிப்புச் செய்ய வேண்டியதாயிற்று.

நான் கேபிளின் மறுமுனையில் சாலிடர் வைத்துக்கொண்டிருந்தேன். பிளக்கில் எர்த் விட்டுப்போய் இரைச்சல் வந்தது. சரிசெய்தேன். அவர் நாற்பது மீட்டர் கேபிளையும் முழங்கையில் சுற்றத் தொடங்கினார். அப்படிச் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொள்ளும் என்று எத்தனையாவது தடவையாகவோ சொன்னேன். "எஞ்சினியரு சொல்லிட்டாரு, கேட்டுக்க" என்று கேபிளிடம் சொன்னார். பிறகு முழங்கையிலேயே சுற்றி முடித்தார்.

அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு வாப்பாவுக்கு நெஞ்சுவலி. எங்கள் ஊரில் யாராவது இறந்தால் மவுத் அறிவிப்பு வாப்பாவின் குரலில்தான் வரும். அன்று வேறு குரல் வந்தது.

வாப்பாவின் பெயர் மீரா உசேன். ஊருக்கு மைக் காக்கா, அதாவது மைக் அண்ணன். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் எங்களுடையது. வயல் முடிந்தால் உப்பளம், உப்பளம் முடிந்தால் கடல். சம்பா அறுத்ததிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை வயல் காய்ந்து கிடக்கும். அந்த இடைவெளியில் அங்கே கால்பந்து நடக்கும். அணிக்கு ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்'. கடைசி ஆட்டத்துக்குள் தண்ணீர் வந்துவிடுமோ என்று ஒவ்வோர் ஆண்டும் விவசாயிகளைவிடக் கமிட்டிக்காரர்கள்தான் பதறுவார்கள்.

வர்ணனை வாப்பா. "பந்து இப்ப ஜாஹித் கால்ல. இல்ல, ஜாஹித் காலை விட்டுப் போயிருச்சு. ஜாஹித், உங்க உம்மா அந்தப் பக்கம் மாடியிலேர்ந்து பாக்குறாங்க, பாத்து ஆடு." நடுவர் ஃபவுலைக் கவனிக்காமல் விட்டால், "நடுவர் அவர்கள் கண்ணாடி ஏதும் தொலைச்சிருந்தா மேடையில வந்து சொல்லவும்." நடுவே விளம்பரம். "மீரா சாகிப் பரோட்டா கடை. சால்னா ரெண்டாவது தடவையும் உண்டு, மூணாவது தடவை கேட்டா மொறைப்பாரு." எந்த விளம்பரத்தையும் அவர் வாசிக்காமல் விட்டதில்லை. "காசு கொடுத்தவன் பேரை முழுங்கக் கூடாது" என்பது தொழில் சட்டம்.

அவர் தொண்ணூற்று மூன்றில் சார்ஜாவுக்குப் போனவர். பதினெட்டு ஆண்டுகள் ஏ.சி. மெக்கானிக். ஓர் அறையில் எட்டுப் பேர். சனிக்கிழமை டி.வி.யில் வரும் இங்கிலாந்து மேட்சில் தோற்ற அணியின் கட்சிக்காரன் எட்டுத் தட்டையும் கழுவ வேண்டும். பந்தயம் அங்கே அப்படித்தான் ஆரம்பித்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எனக்கும் தனக்கும் இங்கிலாந்து அணிகளின் பனியன் வாங்கி வருவார். நெஞ்சில் ஏதோ ஒரு பெயர் பெரிதாக இருக்கும். விமானக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது பந்தயக் கம்பெனி என்று பிறகு தெரிந்தது. "பத்து வருசம் அவன் போர்டை நெஞ்சுல மாட்டிக்கிட்டு அலைஞ்சிருக்கேன்டா. சுவருக்குக்கூட வாடகை கொடுப்பான், எனக்குக் கொடுக்கல" என்றார்.

ஊர் திரும்பி மைக்செட் வாங்கினார். கையில் ஸ்மார்ட்போன் வந்தது. பனியனில் இருந்த பெயர் போனிலும் வந்தது. டி.வி. மேட்சில் மைதானத்தைச் சுற்றியிருக்கும் மின்பலகையில் அந்தப் பெயர் எத்தனை தடவை ஓடுகிறது என்று ஒருநாள் எண்ணினேன். முதல் பாதியில் எழுபத்தொன்று. "பந்தைப் பாருடா, பலகையைப் பாக்குறான்" என்று திட்டினார். அவர் மடியில் போன் கவிழ்ந்து கிடந்தது. நான் அதை எண்ணவில்லை.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தூண்களுக்கான பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பிகள் இன்னும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மாடி கட்ட வைத்திருந்த பணத்தைச் சார்ஜா கூட்டாளி ஒருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்திருப்பதாக உம்மாவிடம் சொல்லியிருந்தார். உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் அந்தக் கூட்டாளியின் வியாபாரம் செழிக்க துஆ கேட்டுக்கொண்டிருந்தார்.

கொரோனாவுக்குப் பிந்திய இரண்டாவது கோடை. டோர்னமென்ட் செயலாளர் ஜாஃபர் சாதிக் ஒரு பெரிய ஸ்பான்சரைப் பிடித்திருந்தார். பந்தய ஆப். எட்டு அணிக்கும் இலவச பனியன், கோப்பை, கோல்கம்பத்துக்குப் பின்னால் பேனர். ஆட்டத்தன்று காலை வாப்பா ஒரு குழாய் ஒலிபெருக்கியை எங்கள் தெருப் பக்கம் திருப்பச் சொன்னார். முப்பது டிகிரி திருப்பினேன். ஏன் என்று கேட்கவில்லை.

இடைவேளையில் ஜாஃபர் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். வாப்பா ஒரு சொல் விடாமல் வாசித்தார். "நீங்கள் ஆட்டம் தெரிந்தவரா? உங்கள் அறிவை வருமானமாக்குங்கள். இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். முதல் பந்தயத்துக்கு போனஸ்." இரண்டு தடவைக்குப் பேச்சு. இரண்டு தடவை வாசித்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"விளம்பரம் முடிஞ்சுது. இப்ப பேசுறது அவங்க கஸ்டமர். எனக்கும் ஆட்டம் தெரியும்னுதான் நெனச்சேன். ரெண்டு வருசம் கட்டினேன். மாடிக்கு வச்சிருந்தது பூராவும் போச்சு. கூட்டாளிக்குக் கொடுத்தேன்னு வீட்ல சொல்லியிருக்கேன். அது பொய். அந்த மனுசன் ஒண்ணும் அறியாதவரு. மெஹராஜு, கேட்டுக்க."

ஜாஃபர் பாய்ந்து வந்தார். "காக்கா! ஸ்பான்சர் உக்காந்திருக்காரு காக்கா! டேய், ஆஃப் பண்ணுடா!"

ஆம்ப்ளிஃபயர் என் பக்கத்தில் இருந்தது. நான் அணைக்கவில்லை.

"ஆட்டம் தெரியாதவன் அவங்களுக்கு வேணாம். தெரியும்னு நெனைக்கிறவன்தான் வேணும். அவ்வளவுதான். ரெண்டாவது பாதி ஆரம்பிக்குது, மாட்டைப் புடிச்சுக் கட்டுங்கப்பா."

கம்பெனியிலிருந்து வந்திருந்தவருக்குத் தமிழ் தெரியாது. காசுக்கு மேலேயே விளம்பரம் நீள்கிறது என்று நினைத்து, நாற்காலியில் இருந்தபடி கைதட்டினார்.

உம்மா மெஹராஜ் பேகம் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டு கேட்டிருக்கிறார். பதினொரு நாள் பேசவில்லை. தட்டு வரும், சோறு வரும், சொல் வராது. பன்னிரண்டாம் நாள், "ஊரே கேக்கும்போதுதான் நானும் கேக்கணுமா? உள்ள வந்து சொல்றதுக்கு வாய் இல்லையா உங்களுக்கு?" என்றார்.

"உன் மூஞ்சியைப் பாத்தா வாய் வரல மெஹராஜு. மைக்குன்னா வருது."

"பெரிய மைக்கு."

அன்றே ஸ்மார்ட்போனை உம்மா வாங்கி வைத்துக்கொண்டார். வாப்பாவுக்குப் பட்டன் போன். சனிக்கிழமை மேட்ச் நேரத்துக்குச் சரியாக ஒரு கூடை இறால் வரும், உரிப்பதற்கு. கை சும்மா இருக்கக் கூடாது என்பது உம்மாவின் ஏற்பாடு. வாப்பா அதற்கும் வர்ணனை வைத்தார். "தலை போச்சு. ஓடு போச்சு. குடல் உருவப்படுகிறது, ஆஹா, அறுந்துவிட்டது, அருமையான வாய்ப்பு வீண்." உம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். யாராவது மொட்டைமாடிக் கம்பிகளைக் காட்டிக் கேட்டால், "மாடி கட்டியாச்சே. வெளிநாட்டுல இருக்கு, எவனோ குடியிருக்கான்" என்பார் வாப்பா.

அதன் பிறகு, வீட்டுக்குத் தெரியாமல் ஆப்பில் காசை விட்ட ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஓடுகிற ஃபேனைக் கொண்டுவந்து ரிப்பேர் என்பார்கள். வாப்பா கழற்றிக்கூடப் பார்க்க மாட்டார்.

"வீட்ல சொல்லிட்டியா?"

"இல்ல காக்கா."

"எப்பப் போவோம்?"

அறிவுரை கிடையாது. கூடப் போவார். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார். "சொல்றது நீ. நான் சும்மா உக்காந்திருப்பேன். மைக்குல சொன்னது நான் பண்ணின ரெண்டாவது தப்பு" என்பார். இரண்டு ஆண்டுகளில் பதினான்கு வீடுகள். ஒரு வீட்டில் விளக்குமாறு எடுத்துவிட்டார்கள். "ரெண்டு பேருக்கும் விழுந்துச்சு. எனக்குக் கொஞ்சம் மரியாதையா விழுந்துச்சு" என்று உம்மாவிடம் தோளைக் காட்டினார்.

பதினைந்தாவது வீடு இராஜாங்கத்துடையது. மேற்கே உள்ள கிராமத்தில் கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவர். மகளின் நர்சிங் கல்லூரிக்குக் கட்டிவிட்டதாக வீட்டில் சொன்ன பணம் ஆப்பில் போயிருந்தது. திங்கட்கிழமைக்குமேல் கல்லூரி பொறுக்காது. ஞாயிறு பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போவதாக வாப்பா சொல்லியிருந்தார்.

வாப்பா இறந்த மூன்றாம் நாள், அந்த ஞாயிறு பத்து மணிக்கு இராஜாங்கம் எங்கள் வாசலில் நின்றார். தேய்த்த சட்டை. வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கும் வந்திருந்தார்.

"பாய் கூட வர்றேன்னாரு தம்பி. இல்லேன்னு தெரியும். ஆனாலும் வண்டி இங்கதான் வந்துச்சு." துண்டால் முகத்தைத் துடைத்தார். "வீட்ல இன்னும் சொல்லல."

நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

உம்மா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள், வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"யாரு, இராஜாங்கமா?"

"ஆமா பாயம்மா. நான் அப்பறமா வரேன்."

"அப்பறம்னா? நாளைக்குத்தானே கெடு?"

அவர் வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

"வீட்ல பேரு என்ன?"

"மலர்க்கொடி."

"அவங்களுக்குப் போனைப் போட்டுத் தாங்க. சொல்றது நீங்கதான், இன்னிக்கு வீட்டுக்குப் போயி நேர்ல சொல்லணும். அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்."

இராஜாங்கம் போனை எடுத்தார். கட்டைவிரல் எண்ணின் மேல் நின்றது, அழுத்தவில்லை.

திரையின் ஓரம் விலகியது. மணிக்கட்டு வரை வெள்ளைத் துணி மூடிய ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கையை விரித்து, அவர் அழுத்தும்வரை அப்படியே நீட்டியிருந்தது.