கொல்லாமல் வாங்கிய புள்ளி

எண்பதுகளின் நடுவில் சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு சொந்த ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை எங்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்களுக்குக் குக்கரும் மேசை விளக்கும் போக, எனக்கு அவருடைய பிள்ளைகள் விளையாடிய ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே இரண்டு மெல்லிய ஆங்கிலப் புத்தகங்கள். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள்.

ஒரு வாரம் படித்தபின்தான் அது என்ன விளையாட்டு என்று பிடிபட்டது. ஒருவர் கதை சொல்லி நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து அந்தக் கதைக்குள் போக வேண்டும். குகையில் இறங்கி, பூதங்களைச் சமாளித்து, புதையலோடு உயிருடன் ஊர் திரும்பினால் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் அடுத்த லெவல்.

நர்சிங் மாணவிகள் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்துவிடுவோம். லேபிலிருந்து கொண்டுவந்த கிராஃப் தாளில் குகை வரைந்திருப்பேன். பலமனேரிலிருந்து வந்தவள் வாள் வீராங்கனை. நகரிப் பெண் மந்திரக்காரி. வெதுருகுப்பத்துப் பெண், பூட்டுத் திறக்கும் திருடி. அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். அதிகம் பேசமாட்டாள்.

பூதத்தைக் கொன்றவருக்கே அதன் புள்ளி என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அதனால் பலமனேர்க்காரி சீக்கிரமே இரண்டாம் லெவலுக்குப் போய்விட்டாள். வெதுருகுப்பத்துப் பெண்ணுக்குப் புதையலில் வரும் பங்குப் புள்ளி மட்டும்தான்.

ஒரு ஞாயிறு, குகையின் கடைசி அறையில் பெரிய பூதம் ஒன்றைக் காவல் வைத்திருந்தேன். அதற்குப் பின்னால் வெள்ளிப் பெட்டி. பூதம் காலை இழுத்து இழுத்து வந்தது என்று பயமுறுத்துவதற்காகச் சொன்னேன். பலமனேர்க்காரி பகடையைக் கையில் எடுத்துவிட்டாள்.

"இரு," என்றாள் வெதுருகுப்பத்துப் பெண். "அக்கா, அது ஏன் நொண்டிக்கினு வருது?"

"கால்ல புண்ணு," என்றேன்.

"எத்தினி நாளு புண்ணு? நாத்தம் அடிக்குதா? புழு கீதா?"

நான் அதையெல்லாம் யோசித்திருக்கவில்லை. "கீது," என்று சொல்லிவைத்தேன்.

நகரிப் பெண் சிரித்தாள். "இன்னாடி, பூதத்துக்கு டிரெஸ்ஸிங் பண்ணப் போறியா?"

"ஆமா. வெட்டப் போனா மூணு பேரும் சாவோம். அக்கா, நான் கத்தியக் கீழ வச்சிட்டேன். உப்புத் தண்ணி கீது, துணி கீது. கழுவிக் கட்டட்டுமானு அதுகிட்ட கேக்கறேன்."

பூதம் என்ன நினைக்கும் என்பதற்கும் புத்தகத்தில் ஒரு பகடைக் கணக்கு உண்டு; எண் கூடக்கூட அதன் கோபம் குறையும். இரண்டு பகடை உருட்டினேன். பதினொன்று விழுந்தது. பூதம் உட்கார்ந்து காலை நீட்டியது. அவள் கட்டி முடித்ததும் நகர்ந்து வழிவிட்டது. மூன்று பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

புதையலின் புள்ளிகளை மூன்றாகப் பிரித்தேன். பூதத்துக்குரிய புள்ளியை வெதுருகுப்பத்துப் பெண்ணின் தாளில் எழுதப்போனபோது பலமனேர்க்காரி தடுத்தாள்.

"குதரது அக்கா, ஆவாது. பூதம் சாவவே இல்லியே. கொன்னவங்களுக்குத்தான் பாயிண்ட்டுனு நீங்கதானே சொன்னீங்க?"

"பரவால்ல அக்கா, உடுங்க," என்றாள் வெதுருகுப்பத்துப் பெண்.

எனக்கு மனசு கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தேன். முதல் நாள் அவசரத்தில் 'கொன்றால்' என்று நான் பொருள் சொன்ன இடத்தில் 'வென்றால்' என்றுதான் இருந்தது. சண்டையிலோ, தந்திரத்திலோ, பேச்சிலோ, எப்படி வென்றாலும் சரி. புள்ளியும் ஒருவருக்கில்லை, கூடப் போன எல்லோருக்கும் சம பங்கு.

மூடிவைத்திருந்தால் யாருக்கும் தெரியாது. அவர்கள் மூவரும் என்னைவிடச் சின்னவர்கள், எல்லாம் தெரிந்தவள் என்று என்னை நம்பியவர்கள். ஆனாலும் சொன்னேன். "தப்பு என்னுதுடி. ஆரம்பத்திலேர்ந்தே தப்பாப் போட்டுக்கினு வந்துட்டேன்."

முதல் வாரத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போட்டேன். திருடி வேடத்துக்கு லெவல் ஏற மற்றவர்களைவிடக் குறைந்த புள்ளியே போதும் என்பதால், சம பங்கிலேயே வெதுருகுப்பத்துப் பெண் இரண்டாம் லெவலுக்கு ஏறினாள். பலமனேர்க்காரி ஒன்றுக்கு இறங்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"பழசு அப்படியே இருக்கட்டுமா?" என்று அவளைக் கேட்டேன்.

"வத்து அக்கா, வேணாம். தப்பாப் போட்ட மார்க்கு எனக்கு எதுக்கு?" என்று சொல்லி, ரப்பரை எடுத்துத் தன் இரண்டைத் தானே அழித்தாள். பிறகு வெதுருகுப்பத்துப் பெண்ணின் தாளை இழுத்து, அதில் பெரிதாக இரண்டு என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். வேலையில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். அந்த மேசையில் அன்று எனக்கு வந்த பெருமை வேறு எதிலும் வரவில்லை. அந்த இருவரையும் பார்த்தும் வந்தது. வாய்விட்டுத் தப்பை ஒப்புக்கொண்டதற்காக என்னை நினைத்தும் கொஞ்சம் வந்தது.

வெதுருகுப்பத்துப் பெண் அந்தத் தாளைக் கட்டிலுக்கு மேல் சுவரில் ஒட்டிவைத்தாள். வாரா வாரம் அறைகளைப் பார்வையிட வரும் வார்டன் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இது என்ன, மார்க் ஷீட்டா?"

"ஆமாம்மா."

"பாஸா?"

"பாஸும்மா," என்றாள், நெஞ்சை நிமிர்த்தி.