முள் இறங்கிய விமானம்

மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த மத்தியாஸ், 1949இல் தோட்டத் தொழிலாளர் பதிவான செக்ரோலில் பேரை வெட்டிக்கொண்டு, கடலோரத்தில் வெள்ளைக்காரர்கள் நடத்திய விமானத் தளத்துக்கு வேலைக்குப் போனார். கூட்டிக் கழுவத்தான் எடுத்தார்கள். மூன்று வருஷத்தில், விமானிகள் உயரத்தில் மூச்சுவிடத் தேவையான ஒட்சிசன் சிலிண்டர்களைச் சோதிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள்.

காலையில் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்து எழுதவேண்டும். குழாய் மூட்டுகளில் சவுக்காரத் தண்ணி தடவி, நுரை கொப்பளிக்கிறதா என்று கவனிக்கவேண்டும். கையில் எண்ணெய்ப் பசை துளியும் ஆகாது, ஒட்சிசன் பட்டால் தீப்பிடிக்கும். தலைக்கு எண்ணெய் வைப்பதையே அவர் விட்டுவிட்டார்.

"என்னங்க, தலை காஞ்ச மானாப்புல்லு மாதிரி கெடக்கு?" என்று லீவில் வந்தவரைப் பார்த்துச் சிரித்தாள் மனைவி சிசிலி. அவள் தோட்டத்திலேயே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

1955, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல் நாள். ஊருக்குப் போக மத்தியாஸ் பெட்டி கட்டி வைத்திருந்தார். காலைச் சோதனையில் ஒரு விமானத்தின் முள் நேற்றைய இடத்திலிருந்து கீழே இறங்கியிருந்தது.

"குளிருக்கு இறங்கும். சரியென்று எழுது" என்றார் பகுதிக்குப் பொறுப்பான வெள்ளைக்காரச் சார்ஜன்ட்.

மத்தியாஸ் பக்கத்து விமானத்தில் ஏறிப் பார்த்தார். அதில் முள் அசையவில்லை.

"குளிரு ரெண்டுக்கும் ஒண்ணுதானே சார்?" என்று தெரிந்த இங்கிலீசில் கேட்டார்.

சார்ஜன்ட் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் தடுக்கவில்லை. மத்தியாஸ் ஒவ்வொரு மூட்டாகச் சவுக்காரத் தண்ணி தடவியும் ஒன்றும் தெரியவில்லை. மலைநாட்டு ரயிலுக்கான நேரமும் கடந்துவிட்டது. கடைசியில் விமானியின் ஆசனத்துக்கடியில் மல்லாந்து படுத்து, கைவிரல் மட்டும் எட்டுகிற மூட்டில் தடவினார். கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. அந்த விமானம் அன்று பறக்கவில்லை.

அவர் வீடு சேர்ந்தபோது நத்தார் பூசை முடிந்திருந்தது. சிசிலி இரண்டு நாள் பேசவில்லை.

1957இல் வெள்ளைக்காரர்கள் தளத்தை ஒப்படைத்துப் போனார்கள். புதிய நிர்வாகம் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டது. தோட்டத்துத் தமிழர்கள் பலருக்கும் நடந்ததுபோல, மத்தியாஸின் விண்ணப்பமும் ஏற்கெனவே தள்ளுபடியாகியிருந்தது. நற்சான்றுக் கடிதம் ஒன்றோடு தோட்டத்துக்குத் திரும்பினார்.

"இங்க எந்த பிளேன் பறக்குது?" என்று கடிதத்தைப் பார்த்துக் கேட்ட, தேயிலை ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர், கொழுந்துச் சாக்கு தூக்கும் வேலை கொடுத்தார். மத்தியாஸ் சாக்குகளைத் தூக்கினார்.

அடுத்த வருஷம் ஃபெக்டரி எஞ்சின் தினமும் காலையில் கிளம்ப மறுத்தது. அதைக் கிளப்ப அழுத்தக் காற்று நிரப்பி வைக்கும் சிலிண்டர் விடிவதற்குள் வெறுமையாகிவிடும். ஹட்டனிலிருந்து வந்த ஃபிட்டர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியும் பலனில்லை. மாடியில் வாடப் போட்டிருந்த கொழுந்து அரைபடாமல் கெட்டுக்கொண்டிருந்தது.

"நான் பாக்கட்டுங்களா ஐயா?" என்றார் மத்தியாஸ்.

அரை மணி நேரத்தில், சவுக்காரத் தண்ணி தடவியே, சிலிண்டரிலிருந்து சுவரோரம் போகும் குழாயில் மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடித்தார். மறுநாளே அவரை எஞ்சின் அறைக்கு மாற்றினார்கள்.

"நல்லது. காலையில எத்தன மணிக்குப் போகணும்?" என்று கேட்டாள் சிசிலி.

"நாலரைக்கு."

"அப்ப ரொட்டி நீங்களே சுட்டுக்கிருங்க. நான் விடிஞ்சுதானே கொழுந்துக்குப் போறேன்" என்றாள்.